பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இ20 பெட்ரோல்: கார்புரேட்டரைக் கழற்றத்தான் வேண்டுமா?

1974 மாடல் எம்ஜிபி ஒன்று வீட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பிய வண்டி, இப்போது நாலு முறை இருமிவிட்டுத்தான் எழுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி திணறுகிறது. மெக்கானிக்கைக் கேட்டால், "எல்லாம் இந்தப் புது பெட்ரோலால சார். பேசாம இன்ஜெக்‌ஷனுக்கு மாத்திடுங்க" என்கிறார்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளாமல் செலவு செய்தால், பணமும் போகும், வண்டியின் 'ஒரிஜினல்' மதிப்பும் போகும்.

பெட்ரோலில் என்ன மாறியது?

20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இந்தியாவில் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 2030-க்கு வைத்திருந்த இலக்கை அரசு முன்கூட்டியே கொண்டுவந்ததால், 2025-லேயே நாடு முழுக்க இதுவே வழக்கமான பெட்ரோல் ஆகிவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்க்குகளில் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 2021 செப்டம்பரில் 10% எத்தனால் வந்தபோதே, பழைய கார்களுக்காக 5% வரை மட்டுமே எத்தனால் உள்ள 'சூப்பர்' ரகத்தையும் விற்பனையில் வைத்திருந்தார்கள். இங்கே பழைய கார் வைத்திருப்பவர் பெட்ரோலை எளிதில் மாற்ற முடியாது. வண்டியைத்தான் மாற்றியாக வேண்டும்.

என்ஜின் ஏன் திணறுகிறது?

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. கணக்குப் போட்டால் இ20-க்குச் சுமார் 13.5 கிலோ காற்று வருகிறது.

சுத்தமான பெட்ரோலுக்கு ட்யூன் செய்த கார்புரேட்டருக்கு இந்தக் கணக்கு தெரியாது. அது பழைய அளவிலேயே எரிபொருளை விடும். விளைவு, தேவையைவிட 8 முதல் 9% குறைவான எரிபொருள். மெக்கானிக்குகள் இதைத்தான் 'லீன்' என்பார்கள். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, மிதித்தால் திணறுவது, என்ஜின் கூடுதலாகச் சூடாவது எல்லாம் இதன் அறிகுறிகள்.

இன்ஜெக்‌ஷன் இதைச் சரிசெய்யுமா?

செய்யும், ஆனால் எல்லா இன்ஜெக்‌ஷனும் அல்ல. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு வாங்கிய பைக் உங்களிடம் இருந்தால், அதன் சைலன்சர் குழாயில் ஓர் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கும். கலவை லீனாக இருந்தால் அது கணினிக்குச் சொல்லும், கணினி கூடுதல் எரிபொருள் விடும். பழைய காரிலும் இதே அமைப்பைப் பொருத்தலாம். காலை ஸ்டார்ட்டிங் சுலபமாகும். ஊட்டி மலை ஏறும்போது காற்று அடர்த்தி குறைவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

சென்சார் இல்லாத இன்ஜெக்‌ஷன் என்றால் இந்த லாபம் கிடையாது. பிரிட்டனின் ட்ரையம்ப் நிறுவனம் 1967-ல் டிஆர்5 ஸ்போர்ட்ஸ் காரை லூகாஸ் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷனுடன் விற்றது. 150 குதிரைத்திறன் என்று விளம்பரம். அதே காரை அமெரிக்காவுக்கு டிஆர்250 என்ற பெயரில், இரட்டை கார்புரேட்டருடன் அனுப்பியது. இன்ஜெக்‌ஷன் காரின் பெட்ரோல் பம்ப் வெயிலில் சூடாகி மக்கர் செய்வது பிரபலமான தலைவலி. பம்ப்பை மாற்றியவர்கள் உண்டு, இன்ஜெக்‌ஷனையே கழற்றிவிட்டுக் கார்புரேட்டருக்குத் திரும்பியவர்களும் உண்டு.

இன்ஜெக்‌ஷன் தொடாத பிரச்சினை

எத்தனாலுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ், கேஸ்கெட், சீல் போன்றவற்றை அது பதம் பார்க்கும். சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டியின் டேங்க்கில் தண்ணீர் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். அப்புறம் துருதான்.

இந்த இரண்டையும் இன்ஜெக்‌ஷன் தீர்க்காது. சொல்லப்போனால் ஆபத்து கூடும். கார்புரேட்டருக்கு 0.2 பார் அழுத்தத்தில் பெட்ரோல் வந்தால் போதும். இன்ஜெக்‌ஷனுக்கு வழக்கமாகச் சுமார் 3 பார் தேவை. ஹோஸில் விரிசல் விழுந்தால் முன்பு சொட்டியது இப்போது பீய்ச்சி அடிக்கும், அதுவும் சூடான என்ஜின் பக்கத்தில். ஆகவே எந்தப் பக்கம் போனாலும் முதல் செலவு ஒன்றுதான்: எத்தனால் தாங்கும் ஹோஸ், சீல், ஃபில்டர்.

மாற்றினால் என்னென்ன மாற்ற வேண்டும்?

'கார்புரேட்டரைக் கழற்றி இன்ஜெக்டரை மாட்டு' என்று முடியாது. ஹை பிரஷர் பம்ப், டேங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன், த்ராட்டில் பாடி, சென்சார்கள், கணினி, புது வயரிங், கடைசியாக ட்யூனிங் எல்லாம் வேண்டும். 1967-க்கு முந்தைய எம்ஜிபி என்றால் டைனமோ, பாசிட்டிவ் எர்த் எலெக்ட்ரிக்கல். அதையும் மாற்றாமல் இன்றைய கணினி வேலை செய்யாது.

மறுபக்கம், பல எம்ஜிபி கார்களில் இருக்கும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரைப் பாருங்கள். காற்றுக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும். அதோடு சேர்ந்து ஒரு கூம்பு ஊசி ஜெட்டுக்குள் நகரும். பெட்ரோல் அளவை முடிவு செய்வது அந்த ஊசிதான். கொஞ்சம் ரிச் ஆக்க வேண்டுமா? கீழே இருக்கும் நட்டைத் திருப்பி ஜெட்டை இறக்கலாம். போதவில்லை என்றால் ஊசியை மாற்றலாம். அரை நாள் வேலை. ஆனால் விவரம் தெரிந்த கை வேண்டும், அந்தக் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் 2021 விதிகளின்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய வாகனத்தை 'விஏ' எழுத்துகள் கொண்ட நம்பரில் விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனை: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தினசரிப் போக்குவரத்துக்கும் ஓட்டக் கூடாது.

கார்புரேட்டரைக் கழற்றுவது 'பெரிய மாற்றமா' என்று ஆர்டிஓ அலுவலகத்தில் நின்று வாதாடும் நிலைக்கு நீங்கள் ஏன் போக வேண்டும்? இந்தப் பதிவு வேண்டும் என்றால் அசலைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

சரி, யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

வண்டி அசல் நிலையில் இருக்கிறது, மாதம் இரண்டு முறை எடுப்பீர்கள், விண்டேஜ் பதிவு வேண்டும் என்றால், கார்புரேட்டரே போதும். ரப்பரை மாற்றுங்கள், இ20-க்கு ட்யூன் செய்யுங்கள், நீண்ட நாள் நிறுத்தும்போது பழைய பெட்ரோலை டேங்க்கில் விட்டு வைக்காதீர்கள்.

ஏற்கெனவே என்ஜின் மாற்றிய வண்டி, நீண்ட பயணம், மலைப் பயணம் அடிக்கடி உண்டு, பக்கத்தில் எஸ்யூ தெரிந்த மெக்கானிக் யாரும் இல்லை என்றால், ஆக்ஸிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்‌ஷன் நியாயமான தேர்வு. பாடியில் துளை போடாமல் பொருத்தச் சொல்லுங்கள். கழற்றிய கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். என்றைக்காவது வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஸ்போர்ட்ஸ் கார் இல்லையா? அப்பா காலத்து கார்புரேட்டர் பைக் வீட்டில் நின்றாலும் இதே கணக்குதான். ஷெட்டுக்குப் போகும் முன் பெட்ரோல் ஹோஸை ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால், முதல் வேலை அதுதான்.