பதிவேட்டில் எழுதியவர் யார்?

பழைய காகிதப் பதிவேட்டிற்கு ஒரு நன்மை இருந்தது. தாராவியில் வீடு வீடாகச் சென்று வந்த சுகாதாரப் பணியாளரோ, மாட்டுங்காவில் வருகைப் பதிவு எழுதிய ஆசிரியரோ, தம் கையெழுத்தின் சாயலாலேயே அறியப்பட்டனர். தவறான எண்ணை ஒரே கோட்டால் அடித்து, சரியானதை மேலே எழுதி, அருகில் சுருக்கொப்பம் இடுவதும் வழக்கம். கணிப்பொறியின் எழுத்தோ யாவருக்கும் ஒன்றே. எழுதியவர் பெயரைப் பதிப்பதற்கென்று ஓர் இடம் வகுத்தாலொழிய அஃது அறவே மறைந்துவிடும்.

இஃது அற்பமான செய்தியன்று. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டு முதல் காசநோயாளர் விவரங்கள் 'நிக்ஷய்' என்னும் இணையப் பதிவேட்டில் ஏற்றப்பட்டு வருகின்றன. நோயாளியின் உணவுக்காக 2018 ஏப்ரல் முதல் மாதந்தோறும் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் அவரது வங்கிக் கணக்கிற்கு அளிக்கும் திட்டமும் உண்டு. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிறழ்ந்தால் பணம் அவரைச் சேராது. செம்பூரிலிருந்து ஒரு நோயாளி வந்து முறையிடும்போது, எந்தப் பாஸ்புத்தகத்தைப் பார்த்து அந்த எண் எழுதப்பட்டது என்பதை எழுதியவரே சொல்ல இயலும். அவர் யாரெனத் தெரியாவிடில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பணியாளர் தம் பெயரில் உள்நுழைந்துதானே எழுதுகிறார், பெயர் தானே பதிந்துவிடாதா என நண்பர்கள் வினவுவர். பதியாது. வலைச் செயலியானது தரவுத்தளத்துடன் பெரும்பாலும் ஒரே பொதுக் கணக்கின் வழியாகப் பேசுகிறது. 'இப்போது எழுதுபவர் யார்?' எனத் தரவுத்தளத்தைக் கேட்டால், ஆயிரம் பணியாளருக்கும் அந்தப் பொதுக் கணக்கின் பெயரையே அது விடையாகக் கூறும். இதனை உணர்ந்த சிலர், படிவத்தில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு கட்டத்தில் பெயரை வைத்து அனுப்புவர். இது முன்னதினும் கேடானது. உலாவியைச் சிறிது அறிந்தவர் எவரும் அக்கட்டத்தில் பிறர் பெயரை இட்டுவிடலாம். உள்நுழைந்தவர் யாரென்று சர்வர் தன்னிடம் வைத்துள்ள செஷன் குறிப்பிலிருந்தே பெயரை எடுத்தல் வேண்டும். நேரமும் சர்வரின் கடிகாரத்தைப் பின்பற்றியதாக இருத்தல் நலம்.

பெயரைவிடப் பணியாளர் எண்ணைப் பதிப்பதே தக்கது. மும்பைத் தமிழர் இதனை எளிதில் உணர்வர். தலைப்பெழுத்துடன் எழுதும் நம் பெயர் ஓர் அலுவலகத்தில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு நிற்கும். மற்றோர் அலுவலகத்தில் முன்பின்னாக மாறி நிற்கும்.

'கடைசியாகத் திருத்தியவர்' என்னும் ஒரே பத்தியும் போதாது. அடுத்த திருத்தம் முந்தையவர் பெயரை அழித்துவிடும். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர், நேரம் ஆகிய நான்கும் தனி அட்டவணையில் சேர வேண்டும். அதில் சேர்க்கும் உரிமையன்றி அழிக்கும் உரிமை செயலிக்கு இருத்தலாகாது. கம்பெனிகளின் கணக்கு மென்பொருளுக்கு இத்தகைய திருத்தப் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாகியுள்ளது. நோயாளியின் ஏட்டிற்கு அதனிற் குறைந்த காவல் ஏன்?

எனினும் ஒரே கடவுச்சொல்லைப் பலர் ஆளுமிடத்தில் இவையனைத்தும் வீண். மும்பையில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் பிரேடி ஹவுஸ் கிளை மோசடி 2018 பிப்ரவரியில் வெளிப்பட்டபோது, கடவுச்சொற்கள் கைமாறியிருந்ததாகச் செய்திகள் வந்தன. அங்குப் பேராசை காரணமாயிருக்கலாம். நம் களப்பணியிலோ காரணம் வறுமை: நால்வருக்கு ஒரு கருவி, பள்ளிக்கு ஒரு கணக்கு. இதற்குப் பணியாளரைக் கடிவது முறையன்று. ஆளுக்கொரு கணக்கு அளிக்க வேண்டியது மேலிடத்தின் கடமை.

பெயர்ப் பதிவைத் தண்டனைக் கோலாக்குவதையும் நான் எதிர்க்கிறேன். கவனத்துடன் மிகுதியாகத் திருத்துபவர் பெயரே அதில் மிகுதியாகக் காணப்படும். திருத்தங்களை எண்ணிக் குறை கூறும் அதிகாரியின்கீழ் எவரும் பிழையைத் திருத்த முன்வரார்.

இன்னொன்று. முன்னவர் வெளியேறாமலே அடுத்தவர் எழுதத் தொடங்கினால் முன்னவர் பெயரே பதியும். சில நிமிடங்களில் செஷன் தானே முடியுமாறு அமைக்கலாம். ஆயின் சிக்னல் நலிந்த சந்துகளில் மீண்டும் நுழைவது பெருந்தொல்லை. நான்கு இலக்கக் குறியெண்ணைக் கருவியிலேயே சரிபார்த்து ஆள் மாற இடமளித்தால் அத்தொல்லை பெரிதும் குறையும். செயலியை வகுப்போர் ஒரு நாள் முற்பகலேனும் தாராவிப் பணியாளருடன் நடந்துவிட்டு இதனைத் தீர்மானிப்பார்களாக.