பதறாமலே சிதறும் காரியங்கள்

"பதறாத காரியம் சிதறாது" என்பதை எங்கள் பக்கம் எதிர்த்துப் பேச ஆளில்லை. சங்கரன்கோவிலில் எந்த வீட்டிலும் பிள்ளைகள் ஒரு முடிவோடு வந்து நின்றால் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது இதுதான். வெளியூரில் போய்ப் படிக்கவா, தறியை விற்றுவிட்டு வேறு தொழில் பார்க்கவா, நிலத்தைக் குத்தகைக்கு விடவா, எதைக் கேட்டாலும் பதில் ஒன்றே: "அவசரப்படாத, நாலு பேரக் கேளு, கொஞ்சம் பொறு." பதற்றம் கெடுதல்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் காத்திருப்பதையே யோசிப்பது என்று நாம் நினைக்கத் தொடங்கிவிட்டோம். சந்தேகமெல்லாம் தீர்ந்த பிறகு இறங்குவதுதான் விவேகம், அதுவரை சும்மா இருந்தால் ஒன்றும் குறையாது என்று நம்புகிறோம். இந்த நம்பிக்கை பொய். அது பொய் என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டாம். ஊருக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குப் போனால் போதும்.

குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்து மானாவாரி வெள்ளாமைக்கு வடகிழக்குப் பருவமழைதான் ஆதாரம். அது ஐப்பசியில் பிடிக்கும். மழையைக் கண்ணால் பார்த்துவிட்டு விதைப்போம் என்று ஒருவர் இருந்தால், அவர் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். நனைந்த கரிசல் களியாகிவிடும். மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. மண் பதத்துக்கு வந்து விதைத்து முடிப்பதற்குள் நல்ல மழை நாட்கள் கழிந்துவிடும், பூக்கிற நேரத்தில் பயிருக்கு ஈரம் பற்றாது. அதனால்தான் புரட்டாசியிலேயே, வானத்தில் ஒரு மேகமும் இல்லாதபோதே, காய்ந்த புழுதியில் விதைக்கிறார்கள். மானாவாரிச் சாகுபடியை ஆராய்ந்துவரும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கியது. வேளாண் அறிவியலும் கரிசலுக்கு இந்த முன்பருவ விதைப்பைத்தான் சொல்கிறது.

இது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியமா? விதையை மேலாகத் தூவ மாட்டார்கள். ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இறக்குவார்கள். சிறு தூறலின் ஈரம் அந்த ஆழத்துக்கு எட்டாது. அரைகுறை மழையை நம்பி விதை முளைத்துக் கருகிவிடக் கூடாது, மண் நனையப் பெய்தால் மட்டுமே முளைக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. விதையைச் சத்துக் கரைசலில் ஊறவைத்து, பழைய பதத்துக்கு நிழலில் உலர்த்திக் கடினப்படுத்துவது வறட்சியைத் தாங்குவதற்கு. பருத்திக்கு ஊடே உளுந்தோ பாசியோ போடுவது ஒன்று போனாலும் ஒன்று கைகொடுக்க. மழை எப்போது வரும் என்ற கேள்விக்கு இந்த யோசனை எதிலும் விடை இல்லை. அந்த விடை யாருக்கும் கிடைக்காது என்பதை ஒப்புக்கொண்டு, கணக்குத் தப்பினால் என்ன செய்வது என்பதையே கரிசல் விவசாயி யோசித்திருக்கிறார். யோசித்த கையோடு விதைத்தும் விட்டார். சிந்தனைக்கு ஒரு காலம், செயலுக்கு வேறொரு காலம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை.

அவசர முடிவால் அழிந்த குடும்பங்கள் இல்லையா என்பார்கள். உண்டு. அதிக வட்டி தருவதாகச் சொன்ன சீட்டில் பணத்தைக் கொட்டியவர்களையும், கடன் வாங்கி ஏஜெண்டிடம் கொடுத்து வெளிநாட்டு வேலைக்குப் போய் ஏமாந்தவர்களையும் நானும் அறிவேன். ஆனால் அவர்களில் பலர் மாதக்கணக்கில் பேசி, நாலு பேரைக் கேட்டுத்தான் பணத்தைக் கொடுத்தார்கள். நாள் போதாமல் அவர்கள் கெடவில்லை. "பணம் திரும்பாவிட்டால் என்ன செய்வோம்?" என்ற ஒரு கேள்வியை அந்த நாலு பேரில் ஒருவரும் கேட்காததால் கெட்டார்கள்.

துணிச்சல் என்றால் யோசிக்காமல் பாய்வது என்று மேடையில் முழங்குகிறவர்களும் இதே பிழையைத்தான் மறுமுனையிலிருந்து செய்கிறார்கள். அதற்கு நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரையே சாட்சிக்கு இழுக்கிறார்கள். அவர் மறைந்ததாகச் சொல்லப்படும் இடத்தை எங்கள் சங்கரநாராயணர் கோயிலுக்குள் இன்றும் காட்டுவார்கள். 1755இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான், ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு வந்து கப்பம் கேட்டபோது அவர் கொடுக்க மறுத்தது வெறும் சூட்டில் அல்ல. கோட்டையை உடைக்கத் தகுந்த பீரங்கி ஹெரானிடம் இல்லை, படைக்குச் சாப்பாடும் தட்டுப்பாடு. ஹெரான் வெறுங்கையோடு திரும்பினார். அதன்பின் மேற்குப் பாளையங்களைச் சேர்த்துக் கூட்டணி கட்டினார் தேவர், திருவிதாங்கூரோடும் உறவு வைத்தார். 1761இல் கம்பெனிப் படைத்தலைவர் யூசுப்கான் கோட்டையைப் பிடிப்பதற்கு முன் செய்த வேலை அந்தத் திருவிதாங்கூரைப் பிரித்ததுதான். தேவர் தோற்றார் என்பதால் அவர் கணக்குப் போடாதவர் ஆகிவிடமாட்டார்.

வள்ளுவரைத் துணைக்கு அழைப்பவர்கள் 'தெரிந்து செயல்வகை'யோடு நின்றுவிடுகிறார்கள். 'வினைசெயல்வகை' அதிகாரத்தைத் திறந்தால் முதல் குறளிலேயே, ஆலோசனை முடிவெடுப்பதில் முடிய வேண்டும், எடுத்த முடிவைத் தாமதத்தில் கிடத்துவது கெடுதல் என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. பொறு என்று சொல்கிறவர் காத்திருப்பதற்கு விலை கொடுப்பதில்லை, கேட்டுக்கொள்கிறவர்தான் கொடுக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண்ணை மதுரைக்கோ கோவைக்கோ அனுப்புவது பற்றி வீட்டில் பேசிக்கொண்டே இருப்பார்கள். சித்தப்பாவைக் கேட்க வேண்டும், மாமாவைக் கேட்க வேண்டும். கலந்தாய்வில் ஒதுக்கிய இடத்தைக் குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்பார்கள். அடுத்த வருடம் ஒரு வரன் வரும். அந்தப் பெண்ணைப் படிக்க வைப்பதில்லை என்று அந்த வீட்டில் யாருமே முடிவெடுக்கவில்லை, ஆனால் அவள் படிக்கவில்லை. யார்மேல் குற்றம் சொல்வது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்க்கிறவர்களைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். அங்கே பொட்டலத்தைப் பிரித்த நிமிடத்தில் ஒரு பதில் வந்துவிடும், வீட்டுக்குத் திரும்பி அதன்படி செய்வார்கள். நம் வீட்டு ஆலோசனைகளுக்கு அந்தப் பிரிக்கிற நிமிடம் வருவதே இல்லை.

ஆகவே பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பொறு என்று சொல்லுங்கள், தவறில்லை. எந்தத் தேதி வரை, எதைத் தெரிந்துகொள்வதற்காக என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்லூரியில் விடுதி உண்டா, கட்டணம் எவ்வளவு, கல்விக் கடனுக்கு வங்கியில் என்ன கேட்பார்கள் என்று விசாரிக்க வேண்டுமென்றால், நாளைக் காலையிலேயே அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். விசாரிக்க எதுவும் மிச்சமில்லை என்றால் இன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.