செம்பு எடுத்த ஊரும் நீர் கொண்ட ஊரும்

பாழடைந்த ஊர்களைக் காணச் செல்லும் விருப்பம் மக்கட்கு எக்காலத்தும் உண்டு. இடிந்த மதிலும், புல் முளைத்த முற்றமும், ஆளரவமற்ற தெருவும் காண்போர் உள்ளத்தில் ஒருவகை இரக்கத்தை எழுப்புகின்றன. அவ்விரக்கம் இனியது, ஆயினும் எளியது. எளிதிற் பிறந்த இரக்கம் எளிதில் மறைவதோடு, சிலபொழுது உண்மையையும் மறைத்துவிடும் என்பது எம் கருத்து. ஜப்பான் தேசத்து ஆஷியோ என்னும் பழைய செம்புச் சுரங்க ஊரையும் அதனைச் சார்ந்த ஆற்று நாட்டையும் கொண்டு இதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

டோக்கியோ மாநகருக்கு வடக்கே, தோச்சிகி மாகாணத்தின் மலைநாட்டில், வத்தராசே என்னும் ஆற்றின் தலைப்பகுதியில் ஆஷியோ அமைந்துள்ளது. கிரியூ நகரினின்று புறப்படும் சிறு இருப்புப்பாதை, ஆற்றங்கரையை ஒட்டியே 44 கிலோமீட்டர் தூரம் மலையேறிச் செல்கின்றது. செம்பைக் கீழே கொணர்தற்கென்று இடப்பட்ட அப்பாதை, இன்று இலையுதிர் காலத்தின் செந்நிறத்தைக் காண வருவோரைச் சுமந்து உயிர் தரிக்கின்றது. சுரங்கத்தின் ஒரு வாயில் 1980ஆம் ஆண்டு முதல் காண்போர்க்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. சிறு வண்டியொன்று அவர்களை உள்ளே கொண்டு செல்லும். உள்ளே, உளியும் சுத்தியும் ஏந்திய பண்டைத் தொழிலாளர் முதல் இயந்திரத்தால் பாறை துளைத்தோர் வரை பற்பல காலத்தவரின் உருவப் பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. மலையைக் குடைந்த வழிகள் யாவும் சேர்ந்து 1,200 கிலோமீட்டருக்கு மேற்பட்டன என்பர். அவற்றுள் காணக் கிடைப்பது சுமார் 700 மீட்டரே. வெளியே வந்தால் உருக்காலையின் உயர்ந்த புகைபோக்கி புகையின்றி நிற்பதும், தொழிலாளர் குடியிருப்புக்கள் பூட்டிக் கிடப்பதும் காணலாம். 1916ஆம் ஆண்டில் ஏறத்தாழ 38,000 மக்கள் வாழ்ந்து, அம்மாகாணத்துள் தலைநகர்க்கு அடுத்த பெருமை பெற்றிருந்த இவ்வூரில், இன்று இரண்டாயிரம் பேர்தாமும் இல்லை. சுரங்கம் 1973ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 2006ஆம் ஆண்டில் ஆஷியோ தன் தனிநிலையையும் இழந்து நிக்கோ நகராட்சியோடு இணைந்தது.

இவற்றைக் கண்டு மீள்வோர், ‘எப்படி இருந்த ஊர் இப்படி ஆயிற்றே!’ என்று பெருமூச்செறிவர். அப்பெருமூச்சில் பிழையில்லை. எனினும் ஆஷியோவின் கதையில் அது பாதியே. ஓர் ஊர் வாடியதற்கு வருந்துவோர், அவ்வூர் பூத்த காலத்தில் அதற்கு நீர் வார்த்தவர் யாவர், அதன்பொருட்டு வாடியவர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை சுரங்கத்தின் வாயிலில் இல்லை. ஆற்றின் கீழ்முனையில் உள்ளது.

ஆஷியோவில் செம்பு கண்டறியப்பட்டது 1610ஆம் ஆண்டில் என்பது மரபு. தோக்குகாவா ஆட்சியாளர் காலத்தில் சிறந்திருந்து பின்னர்த் தேய்ந்த இச்சுரங்கத்தை, 1877ஆம் ஆண்டில் ஃபுருக்காவா இச்சிபேய் என்னும் வணிகர் விலைக்குக் கொண்டார். சில ஆண்டுகளில் வளமிக்க புதிய தாதுப்படுகைகள் கிடைத்தன. மேனாட்டு இயந்திரங்கள் வந்தன. 1890ஆம் ஆண்டிலேயே மாட்டோ என்னுமிடத்தில் நீரின் வலியால் மின்சாரம் ஆக்கப்பட்டது. ஆஷியோ ஜப்பானின் தலைசிறந்த செம்புச் சுரங்கமாயிற்று. அச்செம்பை விற்றுப் பெற்ற அந்நியச் செல்வம், புதுமை நாடிய ஜப்பானுக்குப் பெரிதும் துணைநின்றது. இவ்வளவும் மெய்.

அப்பெருமைக்கு முதல் விலை கொடுத்தவை மலைகள். தூண்களுக்கும் எரிகரிக்கும் மரங்கள் வெட்டப்பட்டன. எஞ்சியவற்றை உருக்காலையின் கந்தகப் புகை கருக்கிற்று. உருக்காலைக்கு மேற்புறத்து மட்சுகி என்னும் சிற்றூரில் பயிர் விளையவில்லை, பட்டுப்புழுவிற்கு இலை கிடைக்கவில்லை. 1902ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் தம் நிலத்தைத் துறந்து வெளியேறினர். பாலை என்பது தனி நிலமன்று. குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து எய்தும் நிலையே அது என்பது தமிழ்ப் புலவர் கண்ட உண்மை. ஆஷியோவின் குறிஞ்சி திரிந்தது ஞாயிற்றின் வெம்மையாலன்று, மனிதன் மூட்டிய உலையின் வெம்மையால் என்பதொன்றே வேறுபாடு. மண்ணைப் பிடித்து நிற்க வேரின்மையால் மழைதோறும் மலை கரைந்து ஆற்றில் இறங்கிற்று.

இரண்டாவது விலை கொடுத்தவர் ஆற்றின் கீழ்க்கரை உழவர். முன்னாளில் வத்தராசேயின் வெள்ளத்தை அவர்கள் அஞ்சியதோடு வரவேற்றும் வந்தனர்; வெள்ளம் மலையினின்று வண்டல் கொணர்ந்து வயலை வளமாக்கிற்று. அதே வெள்ளம் இப்பொழுது சுரங்கத்தின் நஞ்சைக் கொணரலாயிற்று. 1885ஆம் ஆண்டில் மீன்கள் கூட்டங்கூட்டமாக மடிந்து மிதந்தன. 1890ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப்பின் வயல்களில் நெல் கருகிற்று. மருதம் மருதமாகவே தோன்றி, விளைவு மட்டும் அற்றுப்போன அக்கொடுமையை என்னென்பது!

அவ்வுழவர்க்காக எழுந்தவர் தனாக்கா ஷோசோ. 1841ஆம் ஆண்டில் அந்நாட்டிலேயே பிறந்து, 1890ஆம் ஆண்டின் முதல் தேர்தலிலேயே பாராளுமன்றம் புகுந்த அவர், அடுத்த ஆண்டில் சுரங்கத்தின் தீமையை ஆண்டு எடுத்துரைத்தார். பத்தாண்டுகள் ஓயாது உரைத்தார். உழவரும் பன்முறை திரண்டு தலைநகரை நோக்கி நடந்தனர். 1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் கவாமத்தா என்னுமிடத்தில் போலீசார் அவர்களை மறித்து அடித்துப் பலரைச் சிறையிலிட்டனர். மனம் வெதும்பிய தனாக்கா 1901ஆம் ஆண்டில் தம் பதவியைத் துறந்து, டிசம்பர் 10ஆம் நாள், வண்டியில் சென்ற சக்கரவர்த்தியின்முன் விண்ணப்பத்தோடு ஓடினார். காவலர் அவரைத் தடுத்துப் பிடித்தனர். அரசினர் அவரைப் பித்தரென்று கருதி விடுவித்தனர்.

விண்ணப்பம் சக்கரவர்த்தியின் கையை அடையவில்லை. ஆயினும் மக்கள் செவியை அடைந்தது. அம்மாத இறுதியிலேயே டோக்கியோ மாணவர் நூற்றுக்கணக்கானோர், நஞ்சுண்ட நிலங்களைத் தம் கண்ணாற் காணப் புறப்பட்டனர். புகழ்பெற்ற கிறிஸ்தவ அறிஞராகிய உச்சிமுரா கான்சோவும் அவ்வாண்டில் அந்நாட்டைச் சுற்றிக் கண்டு அதுகுறித்து எழுதியும் பேசியும் வந்தார். இதனை யாம் சிறப்பாகக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. இன்று ஆஷியோவைக் காணச் செல்வோர் முதல்வரல்லர். அவர்கட்கு முன்னே மாணவர் சென்றனர். அம்மாணவர் கண்டது உழவர் குடிசையும் பாழ்வயலுமே. ஓரிடத்தை எவ்வாறு காணவேண்டும் என்பதற்கு அவர்களே எமக்கு ஆசிரியர்.

ஆற்றின் கீழ்முனைக்கு வருவோம். வெள்ளத்தைத் தேக்கி அடக்கப் பெருந்தேக்கம் ஒன்று வேண்டுமென்று கூறி அரசினர் தெரிந்துகொண்ட இடம் யானகா என்னும் சிற்றூர். ஏறத்தாழ 450 குடிகளும் 2,700 மக்களும் வாழ்ந்த ஊர் அது. ஊர் மறைந்தால் நஞ்சின் பேச்சும் மறையும் என்பதே உட்கருத்தென்று தனாக்கா முழங்கி, 1904ஆம் ஆண்டில் தாமே அங்குச் சென்று குடியேறினார். அவ்வாண்டில் ஊரை விலைக்கு வாங்க மாகாண சபை தீர்மானித்தது. 1906ஆம் ஆண்டில் ஊரின் பெயர் ஏட்டினின்று நீக்கப்பட்டது. 1907ஆம் ஆண்டு கோடையில், வெளியேற மறுத்த 16 குடிகளின் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை விரும்பிய ஆகாப் அரசனும் முதலில் விலை பேசினான் என்பதைத் திருமறை கற்றோர் மறந்திரார். விற்க மனமில்லாதவனிடத்தில் வலியவன் பேசும் விலை, விலையன்று, கட்டளை.

தனாக்கா 1913ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் உயிர் நீத்தார். நிலத்தையும் பொருளையும் தம் போராட்டத்திலேயே இழந்த அவர்பால் எஞ்சியிருந்தது ஒரு பை. அதனுள் இருந்தவை புதிய ஏற்பாடு, மத்தேயு சுவிசேஷத்தையும் நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த சிறுநூல், நாட்குறிப்புகள், எழுதி முடியாத தாள், சிறிது காகிதம், ஆற்றுப்பாசி, மூன்று கூழாங்கற்கள். சுவிசேஷத்தையும் சட்டத்தையும் ஒரே நூலாக்கிச் சுமந்தவரின் கருத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இறைவன் நீதி வேறு, நாட்டின் நீதி வேறு என்று பிரித்து, முன்னதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிடும் நம்மனோர்க்கு அப்பை ஒரு பெரும் பிரசங்கம்.

எம் கருத்திற்கு மறுப்புரைப்போர் உண்டு. ‘செம்பின்றி மின்சாரமில்லை, நாடு உயரச் சிலர் தாழ்தல் இயல்பு’ என்பர் ஒருசாரார். தாழ்ந்தவர் தாமே முன்வந்து தாழ்ந்திருந்தால் அதற்குத் தியாகம் என்று பெயர். பிறர் அவரைத் தாழ்த்திவிட்டு அப்பெயரிடுதல் முறையன்று. மேலும், புகையினின்று கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் முறை 1956ஆம் ஆண்டில் ஆஷியோவில் அமைந்தபின், செம்பு வந்தது, புகை நின்றது. ஆகவே பகையாய் நின்றது செம்பன்று. தீமையைத் தடுக்குஞ் செலவைப் பிறர் தலையில் ஏற்றிய மனப்பான்மையே.

‘யானகா மறைந்த இடத்து நீர்த்தேக்கம் இன்று பயன்படவில்லையா?’ என்பர் மற்றொரு சாரார். பயன்படுகின்றது. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் வீசிய கொடும்புயலின்போது அத்தேக்கம் சுமார் 16 கோடி கனமீட்டர் நீரை ஏற்றுக் கீழ்நாட்டைக் காத்தது. நாணல் அடர்ந்த அந்நிலம், பறவைகட்கும் புகலிடமாகி, 2012ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் நன்மை பெற்றோர்க்கு நன்றிக்கடன் உண்டன்றோ? எவருடைய வீடுகளின்மேல் நீர் நின்று தம்மைக் காத்ததோ அவருடைய பெயரையேனும் அறிதல் அக்கடனின் முதற்கூறு.

‘அங்ஙனமாயின் ஆஷியோ மக்கள் குற்றவாளிகளோ?’ என்று கேட்பின், அல்லர் என்போம். யானகாவின் வீடுகள் இடிந்த அதே 1907ஆம் ஆண்டின் பிப்ரவரியில், கூலியும் நடத்தையும் பொறாத சுரங்கத் தொழிலாளர் கலகஞ்செய்ய, படை அனுப்பி அவர்களை அடக்கினர். இரண்டாம் உலகப் போரின்போது வலிந்து கொணரப்பட்ட சீனர் 257 பேரில் 109 பேர் மாண்டனர்; கொரிய மக்களும் அங்ஙனமே கொணரப்பட்டு உழைத்தனர். மலைமேல் உழைத்தவனும் ஆற்றங்கரையில் உழுதவனும் ஒரே நுகத்தின் இரு புறத்தவர். ஆதலின் ஒருவனை மறந்து மற்றவனுக்கு இரங்குதல் இருவர்க்குமே தீங்காகும்.

இதனைப் பழங்கதை என்று கருதுவோர் பின்வருவனவற்றையும் எண்ணுக. 1958ஆம் ஆண்டில் சுரங்கக் கழிவுமேடு ஒன்று சரிந்து மீண்டும் வயல்களைக் கெடுத்தது. உழவர்க்கு 155 கோடி யென் இழப்பீடு கிடைத்தது 1974ஆம் ஆண்டில். அப்பொழுது சுரங்கம் மூடி ஓராண்டு கழிந்திருந்தது. 2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து நிலநடுக்கத்தில் அம்மேடு மறுபடியும் சரிந்தது. சுரங்கத்தினின்று ஊறும் நீரை இன்றளவும் தூய்மை செய்தே ஆற்றில் விடுகின்றனர். பொருளீட்டிய காலம் நூறாண்டிற்கும் குறைவு. பரிகாரம் செய்யும் காலத்திற்கு எல்லை இன்னும் தெரியவில்லை.

நம்பிக்கைக்கு இடமில்லையோ எனின், உண்டு. மொட்டை மலைகளில் அரசினர் பல்லாண்டுகளாகப் புல்லும் மரமும் வளர்த்து வருகின்றனர். 1996ஆம் ஆண்டு முதல் பொதுமக்களும் பள்ளிச் சிறுவரும் மண்ணையும் கன்றையும் தாமே சுமந்து மலையேறி நட்டு வருகின்றனர். கீழ்முனையிலோ, தேக்கத்தினுள் யானகா ஏரியை வெட்டப் புகுந்தபோது, வெளியேறிய குடிகளின் வழிவந்தோர் எதிர்நின்று, தம் முன்னோர் கல்லறையும் ஊர்க்கோயில் இருந்த இடமும் அழியாமற் காத்தனர். ஏரி அவ்விடத்தை விலக்கி வளைந்தது. அதனாலேயே அது மேலிருந்து நோக்குவார்க்கு இருதய வடிவாகத் தோன்றுகின்றது. அவ்வடிவைக் கண்டு மகிழ்வோர் பலர்; அவ்வளைவின் காரணம் அறிந்தோர் சிலர்.

ஆகவே எம் முடிபு இது: ஆஷியோவிற்குச் செல்வோர் சுரங்கத்தைக் கண்டதோடு திரும்பலாகாது. முதல்நாள் மலைமேற் சென்று, மட்சுகியின் வெறும் பள்ளத்தாக்கையும் புதிய கன்றுகளையும் காண்க. இயலுமாயின் தாமும் ஒரு கன்று நடுக. மறுநாள் ஆற்றோடு இறங்கி, யானகாவின் கல்லறைகளுக்கிடையே சற்று நிற்க. வழிகாட்டும் நூல்கள் எழுதுவோரும் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிடுவாராக. வாடிய ஊரைக் கண்டு இரங்குதல் நன்று. அதன் வாழ்விற்காக மாய்ந்த ஊரை நினைவில் வைத்தல் நீதி. இரக்கத்தோடு நீதியும் கூடியவிடத்தே காண்டல் கல்வியாகும்.