ஒரு ஜோடி ஷூ போதுமாமே!

"ஓடறதுக்குக் காசு பணமா வேணும்? ஒரு ஜோடி ஷூ போதும் சார்." மாரத்தான் அண்ணாச்சிங்க எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி இதையேதான் சொல்றாங்க. சொல்றவங்க யாரும் தண்டலத்துல குடியிருக்கலைன்னு நினைக்கிறேன்.

போன ஜனவரியில என் முதல் அரை மாரத்தானை ஓடி முடிச்சேன். 21.0975 கி.மீ., 2 மணி 41 நிமிஷம். (முழு மாரத்தானோட 42.195 கி.மீ. 1908 லண்டன் ஒலிம்பிக்ல வந்த கணக்கு. அதுல பாதி என் தலையில!)

எந்தப் பயிற்சி அட்டவணையை எடுத்தாலும் வாரம் நாலு நாள் காலை அஞ்சு மணிக்கு ஓடு, எட்டு மணி நேரம் தூங்குன்னு இருக்கும். எழுதின புண்ணியவானுக்கு ஷிப்ட்னா என்னன்னே தெரியாது போல. முதல் ஷிப்ட்னா அஞ்சு மணிக்கு கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கணும். நைட் ஷிப்ட்னா அஞ்சு மணிக்கு லைன்லயே நிக்கணும். செகண்ட் ஷிப்ட் முடிச்சு வந்து படுக்கவே பன்னிரண்டு ஆயிடும். இதுல எட்டு மணி நேரத் தூக்கமாம்.. 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழிவிடுற சட்டத் திருத்தம் சட்டசபையில நிறைவேறிச்சே, ஞாபகம் இருக்கா? எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்னிக்கு வாபஸ்னு முதல்வர் அறிவிச்சார். அது மட்டும் அமலுக்கு வந்திருந்தா, ஓட்டத்தை விடுங்க, ஷூ லேஸ் கட்டக்கூட நேரம் இருந்திருக்காது.

சரி, நேரம் கிடைச்சாச்சு. எங்க ஓடறது? பெங்களூர் ஹைவே சர்வீஸ் ரோட்டுலதான். ராங் சைடுல வர்ற பைக்கு, ஓரங்கட்டி நிக்கிற கன்டெய்னர், பின்னாடியே தண்ணி லாரி. கார் ஏத்திட்டுப் போற டிரெய்லர் கடந்துச்சுன்னா காத்தே நம்மளை ஓரத்துக்குத் தள்ளும். நாய்ங்க கதை தனி. இப்படி 16 வாரம்.

முடிச்சுட்டு வந்தா ஒருத்தர், "பாத்தியா, மனமிருந்தா மார்க்கமுண்டு"ங்கறார். அங்கதான் எனக்குக் கடுப்பு. எங்க லைன்ல ஆறு பேர் ஆரம்பிச்சோம். ரெண்டு பேருக்கு முட்டி போச்சு. ஒருத்தருக்கு ஞாயித்துக்கிழமைன்னா ஓவர்டைம். மத்த ரெண்டும் ஹாஸ்டல்ல இருக்கற பொண்ணுங்க, விடியறதுக்கு முன்னாடி கேட்டைத் திறக்க மாட்டாங்க. இவங்களுக்கெல்லாம் மனசு இல்லையா?

மா. சுப்பிரமணியன் நூறுக்கும் மேல அரை மாரத்தான் ஓடினவர். அவர் அமைச்சரா இருந்தப்ப, 2023ல, மாவட்டத்துக்கு ஒண்ணா 8 கி.மீ. நடைபாதைத் திட்டம் வந்துச்சு. நல்ல காரியம், இல்லேங்கல. ஆனா மாவட்டத்துக்கு ஒண்ணு எப்படிங்க பத்தும்? இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம்னு சிப்காட்டுக்கு ஒண்ணு வேணும். 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பொண்ணுங்க தங்கற குடியிருப்பையே கட்டித் திறந்த அரசாங்கத்துக்கு மூணு கிலோமீட்டர் மண் பாதை பெரிய விஷயமா?

தார் வேணாம், டைல்ஸ் வேணாம். லாரி நுழைய முடியாத மண் பாதை, ராத்திரி எரியற விளக்கு, 24 மணி நேரமும் திறந்திருக்கற கேட்டு. பட்டணத்து மாரத்தானுக்கு டி-ஷர்ட் அடிச்சுக் கொடுக்கற கம்பெனிங்க, அதுல கொஞ்சத்தை இதுக்குப் போடட்டும்.