பத்து விநாடிச் சோதனை போதாது!



பால்மரத் தோட்டத்தில் ஒருவருக்குக் கையும் காலும் விழுந்து, வாயும் கோணிவிட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "காத்துக் கறுப்பு அடித்துவிட்டது" என்கிறோம். எண்ணெய் தேய்க்க ஆள் தேடுகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் விழுந்த கையைத்தான் பார்க்கிறோம். இருதயத்தைப் பற்றிக் கேட்பதில்லை. தவறு அங்கேதான்!

பாரிசவாதத்தில் பெரும்பாலானவை மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவதால் வருபவை. அவற்றில் நாலில் அல்லது ஐந்தில் ஒன்றுக்கு, இருதயத்திலிருந்து கிளம்பிய இரத்தக் கட்டியே காரணம். பால் வெட்டுகிறவருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? மங்கிலே தேங்கிய பால் என்ன ஆகும்? கட்டிப்பால் ஆகும். இருதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கினால், அங்கே தேங்கும் இரத்தமும் உறைகிறது. ஒருநாள் மூளைக்கு ஏறுகிறது. இந்தத் தாளக்கேடு உள்ளவருக்குப் பாரிசவாத அபாயம் ஐந்து மடங்குக்கு மேல் என்று அமெரிக்காவின் பிராமிங்காம் ஆராய்ச்சி 1978லேயே காட்டிவிட்டது.

"ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இருதயம் நன்றாக இருக்கிறதாம்" என்று நிம்மதி அடைவோர் உண்டு. அந்தக் காகிதம் காட்டுவது சுமார் பத்து விநாடி! கிராணிமார்களே, பெரட்டுக்களத்தைப் பத்து விநாடி எட்டிப் பார்த்துவிட்டு மாதம் முழுவதற்கும் செக்ரோல் எழுதுவீர்களா? இந்தத் தாளக்கேடு வரும், போகும். காரணம் பிடிபடாத 572 நோயாளிகளைக் கனடாவில் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 30 நாள் கருவி கட்டியவர்களில் நூற்றுக்கு 16 பேரிடம் கோளாறு சிக்கியது. ஒருநாள் கருவி கட்டியவர்களில் நூற்றுக்கு 3 பேரிடம்தான் சிக்கியது!

"கூலிக்காரனுக்கு இத்தனை சோதனை எதற்கு?" என்பார் சிலர். எதற்கா? கோளாறு தெரிந்தால் மருந்தே மாறுகிறது. ஆஸ்பிரின் இதற்குப் போதாது. இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து வேண்டும். எலிப் பாஷாணமாக வந்து, 1954இல் மனிதருக்கு மருந்தான வார்பரின், இக்கோளாறு உள்ளவர்களுக்கு வரக்கூடிய பாரிசவாதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கிறது. மூளையில் இரத்தம் கசிந்தவருக்கோ அதே மருந்து ஆபத்து. ஆகவே டாக்டர் சொல்லாமல் எவரும் தொடலாகாது.

இரண்டாம் அடி விழுந்தால் கத்தி பிடிக்கும் கை மட்டுமா போகும்? வெட்டுப் போகும், சம்பளம் போகும், தோட்டத்து வீடும் போகும்!

ஆகவே நாம் கேட்பது இது. சிலிம் ரிவரில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. துரோலாக்கிலும் பேராங்கிலும் இருப்பவர் நீண்டநாள் சோதனைக்காக ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் அலையும் நிலை வரலாகாது. இத்தகைய மாவட்ட ஆஸ்பத்திரிகளிலேயே அது தாராளமாகக் கிடைக்க வேண்டும். நோயாளி போகவர நிர்வாகம் வண்டி தர வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்று கொடுத்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு வருஷத்துக்கு 14 முதல் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். இது துரை போடும் பிச்சையல்ல, நம் உரிமை!

நம் கடமையும் உண்டு. வாய் கோணினால் எண்ணெய்க்கு ஓடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே கெடு. வீட்டுப் பெரியவர்களின் மணிக்கட்டில் ஒரு நிமிடம் நாடி பிடித்துப் பாருங்கள். தாளம் தப்பினால் டாக்டரிடம் காட்டுங்கள். பாரிசவாதக்காரரை வீட்டுக்கு அனுப்பும்போது, "இருதயத்தை எத்தனை நாள் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள்.

வாயிருந்தும் கேளாதவன் வாய் கோணிய பிறகு கேட்க முடியாது!