தொண்டும் உதவிப்பணமும்

பிரித்தானியாவில் வேலையற்றோருக்கான உதவிப்பணம் பெறும் எம்மவர் சிலர், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் தாம் ஊதியமின்றிக் கற்பிப்பதை வேலைவாய்ப்பு அலுவலகத்திடம் மறைக்கின்றனர். பணம் நின்றுவிடும் என்ற அச்சமே காரணம். சட்டமோ வேறு கூறுகின்றது.

2013 இல் அறிமுகமான யூனிவர்சல் கிரெடிட் விதிகள் தொண்டைத் தடுக்கவில்லை. வேலை தேடுவதற்கென வகுக்கப்பட்ட மணித்தியாலங்களில் பாதிவரையைத் தொண்டுக்காக அதிகாரி குறைக்கலாம். நேர்முகத் தேர்வுக்குச் செல்ல 48 மணித்தியாலமும், வேலையை ஏற்க ஒரு வாரமும் அவகாசம் பெறலாம். பயணச் செலவு போன்றவற்றைப் பெறுவதில் தவறில்லை. மறைப்பவர் இச்சலுகைகளை இழப்பதோடு வீண் சந்தேகத்துக்கும் ஆளாகின்றார்.

ஆயின், தெரிந்தவரின் கடையில் கூலியின்றி நிற்பது தொண்டாகாது. அவ்வேலைக்குரிய ஊதியத்தை அவர் பெற்றதாகவே கணிக்க விதிகளில் இடமுண்டு. அறநிறுவனங்களுக்கு நியாயமான முறையில் ஆற்றும் பணிக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

தஞ்சம் கோரி முடிவுக்குக் காத்திருப்போர் இவ்வுதவிப்பணத்துக்கு உரியவரல்லர். எனினும் அறநிறுவனங்களிலும் பொதுத்துறை அமைப்புகளிலும் அவர்கள் தொண்டாற்றலாம். ஊதியம் பெறும் ஊழியரின் இடத்தை மட்டும் நிரப்பலாகாது. வேலை அனுமதியற்ற ஒருவரைச் 'சும்மா வந்து உதவும்' என அழைக்கும் கடை முதலாளி, அவரது நிபந்தனைகளை மீறச் செய்து அவரையே ஆபத்தில் தள்ளுகின்றார்.

எமது பாடசாலைகளும் சங்கங்களும் தொண்டரின் பணி, நேரம், செலவுத்தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கடிதம் வழங்குவது கடமையாகும். அக்கடிதத்தைக் கொடுக்கத் தயங்கும் இடத்தில் நடப்பது தொண்டுதானா என்பதைத் தொண்டர் கேட்டறிய வேண்டும்.