சட்டியில் இருப்பது எந்தக் கிழமை எண்ணெய்?

சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் சிகரெட் பாக்கெட் மாதிரி எச்சரிக்கை லேபிள் வரப்போகுது என்று 2025 ஜூலையில் ஒரு செய்தி பரவியது ஞாபகம் இருக்கா? மத்திய சுகாதார அமைச்சகம் உடனே மறுத்தது. அலுவலக கேன்டீன், லாபி போன்ற இடங்களில் எந்தப் பண்டத்தில் எவ்வளவு எண்ணெய், சர்க்கரை இருக்கிறது என்று போர்டு வைக்கத்தான் சொன்னோம், தெருக்கடைகளுக்கு இல்லை என்றது. நாமும் மீம் போட்டு சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம்.

ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிகிற நேரத்தில், ஆவடி பஸ் ஸ்டாண்டில், பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் யாரும் கேன்டீன் போர்டைப் பார்த்துவிட்டு பஜ்ஜி வாங்குவதில்லை. பலருக்கு அந்த ரெண்டு பஜ்ஜியும் ஒரு டீயும்தான் ராத்திரி வரைக்குமான சாப்பாடு. அங்கே பஜ்ஜியில் எவ்வளவு எண்ணெய் என்பதைவிட, அது எத்தனையாவது நாள் எண்ணெய் என்பதுதான் முக்கியமான கேள்வி.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். திங்கட்கிழமை சட்டியில் 3 லிட்டர் புது எண்ணெய் ஊற்றுகிறார் கடைக்காரர். கடை மூடும்போது 2 லிட்டர் மிச்சம். மறுநாள் 1 லிட்டர் சேர்க்கிறார். இப்படியே தினமும். வெள்ளிக்கிழமை நீங்க பஜ்ஜி வாங்கும்போது அந்த 3 லிட்டரில் அரை லிட்டருக்கு மேல் இன்னும் திங்கட்கிழமை எண்ணெய்தான். "தினமும் புது எண்ணெய் ஊத்துறோம் சார்" என்று அவர் சொல்வது பொய்யும் இல்லை!

பழைய எண்ணெயில் அப்படி என்ன ஆகிறது? 170, 180 டிகிரி சூட்டில், மாவின் ஈரமும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து எண்ணெயின் கொழுப்பை உடைக்கின்றன. உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போது எண்ணெய் கெட்டியாகிறது, கறுக்கிறது, நுரைக்கிறது, சீக்கிரமே புகைகிறது. இப்படி உருவாகும் கழிவுகளுக்கு மொத்தமாக 'போலார் சேர்மங்கள்' என்று பெயர். ரத்த அழுத்தம், ரத்தக்குழாய் அடைப்பு, கல்லீரல் நோய் ஆகியவற்றோடு இவற்றுக்குத் தொடர்பு உண்டு என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இவை 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. இதை அளக்க கையடக்க மீட்டரும் இருக்கிறது. எண்ணெயில் முனையை விட்டால் சதவிகிதம் காட்டும்.

விதி எல்லாருக்கும்தான். ஆனால் கணக்கு வைக்க வேண்டும், பழைய எண்ணெயை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திடமே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம், பொரிக்க ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும். அந்த எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கும் 'ரூகோ' திட்டமும் 2018 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. நல்ல திட்டம். பெரிய ஓட்டல்கள் இதற்குள் வந்துவிடும். 3 லிட்டர் சட்டி வைத்திருக்கும் தள்ளுவண்டி அக்காவிடம் யார் வந்து வாங்குவார்கள்? எண்ணெய் விலை ஏறினாலும் பஜ்ஜி விலையை ஏற்ற முடியாத அவரிடம் "கொட்டிடுங்க" என்று சொல்வது சுலபம். அவருக்கு அபராதம் போடுவதைவிட, தெருவுக்கு ஒரு சேகரிப்பு கேன் வைத்து, மிச்ச எண்ணெய்க்கு லிட்டர் கணக்கில் காசு கொடுப்பதுதான் வேலைக்கு ஆகும் என்பது என் கருத்து. சென்னை, ஆவடி மாநகராட்சிகள் முதலில் ஒரே ஒரு பஸ் ஸ்டாண்டில் செய்து பார்க்கலாமே.

அதுவரை நாம் என்ன பண்றது? சட்டியை எட்டிப் பாருங்க. அடி தெரியாத கறுப்பு, அடங்காத நுரை, கண் எரியும் புகை இருந்தால் டீ மட்டும் குடிச்சிட்டு கிளம்புங்க. சுண்டல் இருந்தால் இன்னும் நல்லது. நியூஸ்பேப்பரில் வைத்து எண்ணெய் பிழியவே வேண்டாம் (பத்திரிகை ஆபீஸில் இருந்துகொண்டே சொல்கிறோம், அச்சு மை சாப்பிடுவதற்கு இல்லை).

வீட்டில் வேறு கதை. பண்டிகை முடிந்ததும் வடை சுட்ட எண்ணெயை டப்பாவில் ஊற்றி அடுத்த விசேஷம் வரை வைப்பது பல வீடுகளில் வழக்கம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி சொல்வது இதுதான்: ஒருமுறை பொரித்த எண்ணெயை வடிகட்டி, ஒன்றிரண்டு நாளுக்குள் குழம்பு, பொரியலுக்குத் தாளித்துத் தீர்த்துவிடலாம், மறுபடி பொரிக்கக் கூடாது. அதனால் பெரிய வாணலியை விட்டுவிட்டு சின்னதில் கொஞ்சமாக ஊற்றிப் பொரிப்பது புத்திசாலித்தனம். மிச்சம் ஆவதே குறையும்.

ஏர் ஃபிரையர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அது வேகமான ஃபேன் வைத்த குட்டி ஓவன். எண்ணெய் நிஜமாகவே குறையும். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயே சுமார் 120 கலோரி என்பதால் அது சின்ன லாபம் இல்லை. ஆனால் உருளைக்கிழங்கைக் கருக விட்டால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் அதிலும் உருவாகும், பொன்னிறத்திலேயே எடுத்துடுங்க. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் பரணில் இருக்கும் பணியாரச் சட்டியை இறக்குங்க. குழிக்கு அரை ஸ்பூன் எண்ணெயில் போண்டா, உளுந்து வடை மாவு எல்லாம் மொறுமொறுன்னு வரும்.

கடையில் எண்ணெய் மோசம் என்று உறுதியாகத் தெரிந்தால் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' ஆப்பில் புகார் செய்யலாம். அம்பத்தூர் சென்னை மாவட்டத்தில் இருக்கிறது, ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரில். மாவட்டத்தைச் சரியாகத் தேர்வு செய்யுங்க.